தெளிவான நாலு சொல்

பெண்கள் பகுதி,
சயரோக ஆசுபத்திரி
12.02.1966

அன்பும் மதிப்பும் உள்ள மச்சாளுக்கு,

ஆண்டவன் கிருபையால் நல்லபடி வந்து சேர்ந்துவிட்டேன். உங்கள் முழங்கால் நோவு குறைந்திருக்கிறதா? உங்கள் வீட்டிலிருந்து சீனன்குடாவுக்கு வேலைக்குப் போக உங்கள் தம்பிக்கு வசதியாக இருக்கிறதா? எனக்கு யன்னலோரக் கட்டில் கிடைத்திருக்கிறது. மாலையில் மட்டும் காய்ச்சல் வருகிறது. இடது பக்கச் சுவாசப்பையில்தான் சயம் என்று படம் பிடித்துப் பார்த்துச் சொன்னார்கள். ஊசியும் குளிசையும் வருடம் முடியும்வரை தேவைப்படலாமாம். சிறு பிள்ளைகளைப் பார்வைக்கு விடமாட்டார்கள். அது தெரிந்துதான் வந்தேன்.

என் பிள்ளை பவளத்தை உங்கள் கையில் தந்தபோது சொல்ல இருந்ததெல்லாம் ரயில் அவசரத்தில் தொண்டையில் நின்றுவிட்டது. அதை இப்போது எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

அவளுக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லை. ஆனால் பெரியவர்களைப் போல நீளமாகக் கதைப்பாள். நாக்குத்தான் அவளோடு கூட வருவதில்லை. க, ச, ட மூன்றும் அவள் வாயில் ‘த’ ஆகிவிடும். ர, ற வந்தால் ய. காகம் ‘தாதம்’, கப்பல் ‘தப்பல்’. இதைப் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசி விளங்கிவிடும். நான் வருவதற்கு முதல் நாள் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு என்னிடம், “தப்பல் போனாப் பியது ததல் தனியவா இயுத்தும்?” என்று கேட்டாள். கப்பல் போன பிறகு கடல் தனியவா இருக்கும் என்று கேட்கிறாள், மச்சாள். அந்த வயதில் எந்தப் பிள்ளைக்கு இப்படிக் கேட்க வரும்?

விளங்காவிட்டால், “சரியாச் சொல்லு, திருப்பிச் சொல்லு” என்று கேட்காதீர்கள். வாய் மூடிவிடும். “இதுவா, அதுவா?” என்று இரண்டைக் காட்டுங்கள், தொட்டுக் காட்டுவாள். அவள் ‘தண்ணி தாங்தோ’ என்றால், “ஓம், தண்ணி தாறன்” என்று நீங்கள் சரியான சொல்லைச் சொல்லிக்கொண்டே கொடுங்கள். அது போதும். சிரிக்கவே வேண்டாம். என் வருத்தத்தைப் பற்றி அவளுக்கு முன்னால் கதைக்கவும் வேண்டாம். சொல்லத்தான் ஏலாதே தவிர, அவளுக்கு எல்லாம் விளங்கும்.

அவள் என்ன சொன்னாலும் காதில் விழுந்தபடியே எனக்கு எழுதி அனுப்புங்கள். அதுதான் எனக்கு மருந்து.

உங்கள் உதவியை மறவாத,
இராசமலர்


உட்துறைமுக வீதி,
திருகோணமலை
20.03.1966

அன்புள்ள இராசமலருக்கு,

அன்னலட்சுமி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் அம்மன் துணையில் சுகம். நீயும் வேளைக்கு மருந்து குடித்துத் தேறி வர நேர்த்தி வைத்திருக்கிறேன். முழங்கால் அப்படியேதான். பதில் பிந்தியதற்குக் காரணம், பிள்ளையோடு ஒரு நிமிடமும் ஓய்வில்லை.

பவளம் சாப்பிடுகிறாள், உறங்குகிறாள். தைப்பொங்கலுக்கு வாங்கிய துணியில் இரண்டு சட்டை தைத்துப் போட்டிருக்கிறேன், பொம்மை மாதிரி இருக்கிறாள். ஆனால் அந்த நாக்கை நினைத்தால் எனக்கு வெளியில் தலை காட்ட முடியவில்லை. கோயிலில் ஒருத்தி, “ஞானசேகரத்தின்ர பிள்ளை ஊமையோ?” என்று என் முகத்துக்கு நேரே கேட்டாள். எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இருந்ததில்லை. நீ நீளமாகக் கதைப்பாள் என்று எழுதியிருக்கிறாய். தாய்க்கு அப்படித்தான் தோன்றும். எனக்குக் கேட்பதெல்லாம் ‘த, த, த’ மட்டும்தான். தெருப் பிள்ளைகள் ‘தத்தை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெற்ற தகப்பன், என் தம்பியும் சிரித்துச் சிரித்து அப்படியே கூப்பிடுகிறான்.

காதில் விழுந்ததை எழுதச் சொன்னாய். இதோ எழுதுகிறேன், படித்துச் சிரி. நாளும் பொழுதும் ஒரே பாட்டுத்தான்: “ததவத் தியவுங்தோ, நான் தத்தமாத்தன்.” இதை ஒரு நூறு தரம் சொல்லுவாள். அடுத்த வளவு ஸுல்பிகா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இவளோடு கதைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு என்ன விளங்குகிறதோ. பிழையான பேச்சுக்குப் பிழையாகப் பதில் சொன்னால் பிள்ளை எப்படித் திருந்தும்? வேலிப் படலையைக் கட்டிவிட்டேன்.

வசம்பை உரசி நாக்கில் தடவி வருகிறேன். கைத்தால் துப்புவாள், பிடித்துக்கொண்டு தடவ வேண்டும்.

உன் நலம் வேண்டும்,
அன்னலட்சுமி


ஆசுபத்திரி
25.03.1966

மதிப்புள்ள மச்சாளுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் எல்லோருடைய சுகமும் அறிந்து ஆறுதல். சட்டை தைத்துப் போட்டதற்கு நன்றி. எனக்கும் பரவாயில்லை.

நீங்கள் எழுதிய பாட்டை வாசித்தேன். அது பாட்டில்லை, மச்சாள். த இருக்கும் இடத்தில் க, ட என்றும் ய இருக்கும் இடத்தில் ற என்றும் வைத்து நீங்களே ஒரு தரம் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். “கதவத் திறவுங்கோ, நான் கத்தமாட்டன்” என்று சொல்லுகிறாள்.

எந்தக் கதவு? ஏன் பூட்டினீர்கள்?

நீங்கள் கோயிலுக்கும் சந்தைக்கும் போகவேண்டியவர். எனக்கு விளங்குகிறது. அந்த நேரத்தில் ஸுல்பிகாவிடம் விட்டுவிட்டுப் போங்கள். அவளுக்கும் மூன்று பிள்ளைகள், அவளுக்கு இவளுடைய பேச்சு விளங்கும். படலையை அவிழ்த்துவிடுங்கள். உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன். வசம்பும் வேண்டாம். இங்கே ஒரு டொக்டர் அம்மா இருக்கிறா. அவவிடம் பவளத்தைப் பற்றிச் சொன்னேன். “காது நல்லாக் கேக்குது, சொல்லுறது எல்லாம் விளங்குது எண்டால் பயப்பிட ஒண்டுமில்லை. புத்தி ஓடுது, நாக்கு நடந்து வருது. ஐந்து வயதுக்குள்ள வந்து சேர்ந்திடும்” என்று சொன்னா. பிள்ளையை அவசரப்படுத்தக் கூடாதாம்.

நான் கோபத்தில் எழுதவில்லை. அவள் சொல்வதைத் தொடர்ந்து எழுதுங்கள். இனி ஒன்றும் கேட்கமாட்டேன்.

உங்கள் அன்புக்குரிய,
இராசமலர்


திருகோணமலை
24.04.1966

அன்புள்ள மலர்,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? இருமல் குறைந்ததா? இன்று வேலைக்கு லீவு என்றபடியால் ஆறுதலாக எழுதக் குந்தியிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து அக்கா உனக்கு எழுதமாட்டேன் என்று நிற்கிறா. அதுதான் நான் எழுதுகிறேன். அவ கடைக்குப் போய்வரும் நேரம் பிள்ளை றோட்டுக்கு ஓடிவிடாமல் சாமான் அறையில் விட்டுப் பூட்டுகிறா. அங்கே காற்றுத் துவாரம் இருக்கிறது. பாய் போட்டிருக்கிறது. நாங்களெல்லாம் சின்ன வயதில் அப்படித்தான் வளர்ந்தோம். அக்காவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. நமக்காக இந்த வயதில் கஷ்டப்படுகிறா. நீ கொஞ்சம் பார்த்து எழுதியிருக்கலாம். மனதை அலட்டினால் நெஞ்சு ஆறாது என்று உனக்கு டொக்டர் சொல்லியிருப்பார்தானே?

பிள்ளை சொல்வதை எழுதச் சொல்லிக் கேட்டிருந்தாய். நான் விடிய வேலைக்குப் போனால் இரவில்தான் வருகிறேன். இன்று மட்டும் மடியில் வைத்திருந்து கேட்டேன். எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. இருந்தாலும் உனக்காகக் கேட்டபடி எழுதுகிறேன்: “அம்மா தெத்துப் போத்தாம், மாமி தொன்னவ.” என் நாடியைப் பிடித்துத் திருப்பித் திருப்பி இதைத்தான் சொன்னாள். “ஓம் ஓம், கெட்டிக்காரி” என்று சொல்லிக் கொஞ்சினேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள். இப்படித்தான், காரணமில்லாமல் அழுகிறாள்.

நன்றாகச் சாப்பிடு.

உன்,
ஞானசேகரம்


ஆசுபத்திரி
29.04.1966

அன்புள்ள அத்தான்,

சுகமாக இருக்கிறீர்களா? நான் சுகமென்றுதான் எழுத வேண்டும்.

“அம்மா செத்துப் போச்சாம், மாமி சொன்னவ.” இதுதான் நீங்கள் எழுதி அனுப்பியது. உங்களிடம் அவள் கேட்டது அது. நீங்கள் “ஓம் ஓம்” என்று சொல்லியிருக்கிறீர்கள்.

என்னால் இதற்கு மேல் கோர்வையாக எழுத முடியவில்லை. வாட்டில் நான் அழுத சத்தம் கேட்டு நேர்ஸ் வந்து கடிதத்தை வாங்கி மடித்து வைத்தா. அவவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நல்லது.

அலுமாரியில் நமது கலியாணப் படம் இருக்கிறது. அதைப் பவளத்திடம் காட்டுங்கள். அம்மா இருக்கிறா, மருந்து குடிக்கிறா, வருவா என்று சொல்லுங்கள். ஒரு தரம் சொன்னால் போதாது, தினமும் சொல்ல வேண்டும். அவளுக்கு விளங்கும். செத்துப் போனது என்றால் என்னவென்றும் அவளுக்குத் தெரியும். எங்கள் பூனை செத்தபோது குழி தோண்டிப் புதைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

மச்சாளிடம் சண்டை பிடிக்க வேண்டாம். நீங்கள் படத்தைக் காட்டினால் போதும். காட்டிவிட்டதாக ஒரு வரி எழுதுங்கள்.

மலர்


உட்துறைமுக வீதி
26.06.1966

இராசமலருக்கு,

அன்னலட்சுமி எழுதுவது. நாங்கள் சுகம். உனக்கு எடை கூடியிருப்பதாகத் தம்பி சொன்னான். சந்தோஷம்.

என்னைப் பற்றித் தம்பிக்கு எழுதியதை நானும் வாசித்தேன். ஓம், சொன்னேன்தான். பொழுது சாய்ந்தால் பிள்ளை வாசலில் குந்திக்கொண்டு உன்னைக் கேட்டு ஊரைக் கூட்டியது. வருவா வருவா என்று எத்தனை நாள் பொய் சொல்வது? நீ நல்லபடி வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். வராமல் போனால் அந்தப் பிள்ளைக்கு நான்தானே இருக்க வேண்டும்? ஒரே தரமாக அழுது முடித்தால் நல்லதென்று நினைத்தேன். நினைத்தபடி இரண்டு கிழமையில் அழுகை நின்றது. அதற்குப் பிறகு படத்தைக் காட்டிக் குழப்ப வேண்டாமென்று தம்பியிடம் நான்தான் சொன்னேன். அவனும் சரி என்றான்.

இனி நல்ல செய்தி சொல்கிறேன். உன் டொக்டர் அம்மா சொன்னதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் தத்தை தத்தையாகத்தான் போகும். இலங்கைத்துறைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு நாட்டு வைத்தியப் பரியாரியைக் கூப்பிட்டுக் காட்டினோம். நாக்குக்கு அடியில் நரம்பு கட்டியிருக்கிறதாம். அதை வெட்டிவிட்டார். தம்பிதான் தலையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்சம் இரத்தம் வந்தது, மஞ்சள் வைத்தோம். வாய் ஆறச் சில நாள் பிடித்தது. அந்த நாட்களில் ஒரு சத்தமும் இல்லை.

ஆறிய பிறகு முறையாகப் பழக்கத் தொடங்கினேன். பிழையாகச் சொன்னால் நான் திரும்பியும் பார்க்கமாட்டேன். சரியாகச் சொன்னால்தான் கேட்டது கிடைக்கும். இப்போது உன் மகள் நாலு சொல்லு மணி அடித்த மாதிரிச் சொல்கிறாள். தண்ணி, போதும், ஓம், மாமி. கோயிலில் கேட்ட அதே பெண்ணுக்கு முன்னால் நிறுத்தி, “இது ஆர், பிள்ளை?” என்று என்னைக் காட்டிக் கேட்டேன். “மாமி” என்றாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பழைய பிதற்றல் ஒன்றும் இல்லை. அதனால் உனக்கு எழுதி அனுப்பவும் ஒன்றுமில்லை.

சாப்பாடுதான் குறைந்துவிட்டது. சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, “சோறு எண்டு சொல்லு, தாறன்” என்று எவ்வளவு நேரம் இருப்பேன் தெரியுமா? வாயைத் திறக்கமாட்டாள். கடைசியில் “போதும்” என்பாள். ஒரு வாய்கூட வைக்கவில்லை, அதற்குள் போதுமாம்! உன்னுடைய பிடிவாதம்.

அன்னலட்சுமி


ஆசுபத்திரி
01.07.1966

என் மதிப்புக்குரிய மச்சாளுக்கு,

உங்கள் காலில் விழுந்து இதை எழுதுகிறேன். நான் முன்னே எழுதியதில் உங்கள் மனம் நொந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். கதவைப் பற்றி இனிக் கேட்கமாட்டேன். நாக்கு வெட்டியதைப் பற்றியும் கேட்கமாட்டேன். நான் செத்ததாகவே இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் பாருங்கள். தண்ணி, போதும், ஓம், மாமி. இந்த நாலு சொல்லிலும் க இல்லை. ச இல்லை. ட இல்லை. ர, ற இல்லை. அவளுக்கு எதெல்லாம் வராதோ அதெல்லாம் இல்லாத சொற்களாகப் பார்த்துப் பொறுக்கி வைத்திருக்கிறாள். நாக்குத் திருந்தவில்லை, மச்சாள். உங்களுக்குப் பிடிக்காத சொற்களையெல்லாம் விட்டுவிட்டாள்.

‘சோறு’ அவளுக்கு வராது. ‘தோயு’ என்றுதான் வரும். பிழையாகச் சொன்னால் கிடைக்காது என்று பழக்கியிருக்கிறீர்கள். ‘பசி’யும் வராது. அதிலும் ச இருக்கிறது. பேக்கரிப் பாணுக்கு என்ன சொல்வாள் என்று யோசித்தேன். பாண் வரும். நீங்கள் பாண் வாங்குவதில்லை. பசித்தால் அவளிடம் இருக்கிற சரியான சொல் ‘போதும்’ மட்டும்தான். அதைச் சொன்னால் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறீர்கள்.

அவளிடம் ஒன்றும் கேட்காதீர்கள். சோற்றை முன்னால் வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம். பெயர் சொல்லத் தெரியாமலே வளரட்டும், சாப்பிட்டால் போதும்.

உடனே ஒரு வரி போடுங்கள். உங்கள் முழங்காலுக்கு இங்கே ஒரு நல்ல தைலம் சொன்னார்கள், வரும்போது வாங்கி வருகிறேன்.

இராசமலர்


திருகோணமலை
30.08.1966

இராசமலர் அக்காவுக்கு ஸுல்பிகா எழுதிக்கொள்வது. அல்லாஹ் உங்களுக்குச் சுகத்தைத் தரட்டும். நீங்கள் எனக்கு எழுதிய இரண்டு கடிதமும் வந்தது. உங்கள் மச்சாள் பதில் போடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவவோடு எனக்கு இப்போது கதை இல்லை.

நான் எழுத்தில் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை. பார்த்ததை எழுதுகிறேன். போன கிழமை உங்கள் மச்சாள் கோயிலுக்குப் போன நேரம் வேலிக்குள் கையை விட்டு இடியப்பம் கொடுத்தேன். பிள்ளை எடுக்கவில்லை. நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்ற பிறகுதான் எடுத்துத் தின்றது. முந்தி என்னைக் கண்டால் ‘துல்பி, துல்பி’ என்று ஓடி வந்து, கடலையும் காகத்தையும் பற்றி ஆயிரம் கதை சொல்லும். “மகள், நான் ஆரு? துல்பிதானே?” என்று கேட்டேன். “ஓம்” என்றது. “உங்கட உம்மா வருவா, தெரியுமா?” என்று கேட்டேன். “ஓம்” என்றது. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. “நான் ஒரு யானை, என்ன?” என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். அதற்கும் “ஓம்” என்றது.

எலும்பு தெரிகிறது அக்கா. ஞானசேகரம் அண்ணனிடம் என் பிள்ளைகளின் வாப்பா சொல்லிப் பார்த்தார். “அக்கா பாத்துக்கொள்ளுவா” என்று சொல்லிவிட்டாராம்.

ஏலுமென்றால் வாங்க. உங்கள் வருத்தம் முற்றாக மாறாமல் வரச் சொல்வது பாவம். ஆனாலும் வாங்க.

உங்களுக்காகத் துஆச் செய்யும்,
ஸுல்பிகா


உட்துறைமுக வீதி
16.10.1966

இராசமலருக்கு,

நீ சுகமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் இந்த வேலையைச் செய்திருக்க ஏலாது.

நான் அம்மனுக்கு உனக்காக விளக்கேற்றப் போன நேரம் பார்த்துக் கள்ளி மாதிரி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய். வந்து பார்த்தால் வீடு வெறுமை. தெருவெல்லாம் ஓடினேன், இந்த முழங்காலோடு. கடற்கரை வரைக்கும் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் அந்த ஸுல்பிகா வேலிக்கு அங்கால் நின்று, தம்பலகாமத்தில் உன் அண்ணன் இராசதுரை வீட்டுக்குப் போய்விட்டாய் என்று சொன்னாள். ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனால் நான் என்ன, தடுத்திருப்பேனா?

தடுத்திருப்பேன். அது உனக்கும் தெரியும்.

பிள்ளைக்கு என்னோடு படுத்துத்தான் பழக்கம். என் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டுதான் நித்திரை கொள்ளும். இரண்டு தரம் உறக்கத்தில் என்னை அம்மா என்று சொல்லியிருக்கிறது. உனக்கு இதை எழுதக் கூடாது என்று இருந்தேன். தம்பி உன்னைக் கூட்டிவரப் போகிறேன் என்கிறான், பிறகு போகாமல் கதிரையில் குந்திக்கொண்டிருக்கிறான். சட்டைகளை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஒன்று கேட்கிறேன், உண்மை சொல்லு. என்னைக் கேட்டு அழுகிறாளா? ஏதாவது கதைக்கிறாளா?

அன்னலட்சுமி


தம்பலகாமம்
20.11.1966

மச்சாளுக்கு,

உங்கள் முழங்கால் எப்படி? தைலம் வாங்கி வந்தேன், உங்கள் தம்பி வந்தபோது அவரிடம் கொடுத்துவிட்டேன். என் சளியில் இப்போது கிருமி ஒன்றும் இல்லை என்று கண்ட பிறகுதான், மன்றாடிக் கேட்டதால் கொஞ்சம் முந்தியே வீட்டுக்கு விட்டார்கள். குளிசை தொடர்ந்து குடிக்கிறேன். அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம். வயல் விதைப்பு முடிந்துவிட்டது. யானையை விரட்ட வெடி கொளுத்தும் சத்தம் கேட்கும்போது மட்டும் பிள்ளை காதைப் பொத்திக்கொள்கிறாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்தது. உங்களைக் கேட்டு அவள் அழவில்லை. என்னைக் கண்டும் அழவில்லை.

அன்று நான் வந்தபோது உங்கள் வாசல் திறந்திருந்தது. பவளம், பவளம் என்று கூப்பிட்டேன், பதில் இல்லை. குசினியில் பார்த்தேன். கிணற்றடியில் பார்த்தேன். சாமான் அறையின் கதவும் திறந்துதான் கிடந்தது. நீங்கள் பூட்டவில்லை. அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் அவள் காலை மடித்துக்கொண்டு தானாகவே இருந்தாள். நீங்கள் கோயிலுக்குப் போனால் அங்கே போய் இருக்க வேண்டும் என்று பழகியிருக்கிறாள். என்னைக் கண்டதும் எழும்பி நின்றாள். “அம்மா வந்திட்டன், பிள்ளை” என்றேன். “ஓம்” என்றாள். “என்னோட வாறியா?” என்றேன். “ஓம்” என்றாள். தெருவில் போகிற யார் வந்து கேட்டிருந்தாலும் ஓம் என்று சொல்லிக்கொண்டு பின்னால் போயிருப்பாள், மச்சாள். செத்துப் போன நான் எழும்பி வந்தது அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இல்லை.

அண்ணன் முதல் நாள் அவளை மடியில் தூக்கி வைத்து, “மாமாவுக்கு ஒரு கதை சொல்லு பாப்பம். உன்ர அம்மா சொன்னவ நீ பெரிய கதைகாரி எண்டு” என்று கேட்டார். “ஓம்” என்றாள். அவர் காத்துக்கொண்டிருந்தார். பிறகு இறக்கிவிட்டு வெளியே போய் முகத்தைக் கழுவினார்.

இப்போது சாப்பிடுகிறாள். சோற்றை வைத்துவிட்டு நாங்கள் எல்லோரும் எழும்பிப் போய்விட வேண்டும். யாராவது பார்த்தால் கையை எடுத்துவிடுவாள். உடம்பு கொஞ்சம் வைத்திருக்கிறது. நான் ஒன்றும் கேட்பதில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்து கண்ணில் படுவதையெல்லாம் நானே சொல்லிக்கொண்டிருப்பேன். குளம், மாடு, உழவு மெஷின், கொக்கு. அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். வாய் அசையாது. உங்கள் தம்பி வந்து நின்ற இரண்டு நாளும் அவரோடும் அப்படித்தான். அவர் ‘தத்தை’ என்று கூப்பிட்டார். தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அழுதார். அழட்டும் என்று நான் விட்டுவிட்டேன்.

முந்தாநாள் மத்தியானம் அவளைக் காணவில்லை. தேடிக்கொண்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போனேன். அண்ணனின் பசு ஈன்ற கன்று ஒன்று அங்கே கட்டியிருக்கிறது. அதன் காதுக்குள் வாயை வைத்து அவள் கதைத்துக்கொண்டிருந்தாள். குசுகுசுவென்று, நீளமாக, மூச்சு விடாமல். கையைக்கூட ஆட்டி ஆட்டிச் சொன்னாள். நடுவில் நிறுத்தி, கன்று பதில் சொன்ன மாதிரித் தலையை ஆட்டிவிட்டு, மறுபடியும் சொன்னாள். அசையாமல் நின்று கேட்டேன்.

எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

த இருந்த இடத்தில் க வைத்துப் பார்த்தேன், ச வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. வெட்டின நாக்கு ஆறும்போது வேறு மாதிரித் திரும்பியதோ, யாருக்கும் கேட்கக் கூடாது என்று குசுகுசுத்துக் குசுகுசுத்துச் சொற்கள் தேய்ந்ததோ, எனக்குத் தெரியாது. உலகத்தில் அவள் பேச்சு விளங்கின ஆள் நான்தான் என்று அந்தக் கட்டிலில் கிடந்தேன். அதை நம்பித்தான் ஊசியையெல்லாம் பொறுத்தேன்.

ஓடிப்போய் அவள் முன்னால் முழங்காலில் நின்று தோளைப் பிடித்தேன். “என்ன சொன்ன நீ பிள்ளை? அம்மாவுக்கு விளங்கேல்லை. திருப்பிச் சொல்லு, என்ர குஞ்சு, இன்னொருக்கால் வடிவாச் சொல்லு” என்று கெஞ்சினேன். நான்தான் அப்படிக் கேட்டேன், மச்சாள்.

அவள் கன்றை விட்டுவிட்டு என் முகத்தை நேரே பார்த்தாள். வந்த நாளிலிருந்து அவள் என்னைப் பார்த்தது அப்போதுதான். “ஏலாது” என்றாள். சொல்லிவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

நல்ல தெளிவாகச் சொன்னாள். நீங்கள் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள்.

இராசமலர்